லேப்டாப் திரை தானாக மங்குகிறதா? கிராபிக்ஸ் டிரைவரில் எதை அணைப்பது, எதை விட்டுவைப்பது

சார்ஜரைக் கழற்றியதும் திரை ஒரு படி மங்கும். பிரைட்னஸ் பட்டையைப் பார்த்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். இருட்டான காட்சிகள் உள்ள ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வெள்ளைப் பக்கத்துக்கு வந்தால், வெளிச்சம் கொஞ்சம் தயங்கி மெதுவாக ஏறும். இதைக் கண்டதும் பேனல் போய்விட்டது என்று முடிவுகட்டி சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் பேனலில் ஒரு குறையும் இருக்காது. பேட்டரியை மிச்சம் பிடிக்க கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள், உங்களைக் கேட்காமலே செய்கிற வேலை அது.

இங்கே சொல்லப்போவது முக்கியமாக விண்டோஸ் 11 லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு. லினக்ஸ்காரர்களுக்கும் பின்னால் கொஞ்சம் இருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திரையில் ஓடும் படத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடலாம். மற்ற மிச்சப்படுத்தும் வசதிகளில், தொந்தரவு கண்ணுக்குத் தெரியாதவரை கை வைக்க வேண்டாம். எல்லாவற்றையும் மொத்தமாக அணைக்கச் சொல்லும் ஆலோசனை நிறையக் கிடைக்கும். அதைக் கேட்டால் திரை சரியாகிவிடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், எதனால் சரியானது என்பதும் தெரியாமலே போய்விடும்.

டிரைவர் என்னதான் செய்கிறது?

டைப் அடிப்பது, படிப்பது போன்ற லேசான வேலைகளின்போது லேப்டாப்பில் அதிக மின்சாரம் தின்னும் பாகங்களில் திரை முன்வரிசையில் இருக்கிறது. எல்சிடி திரையில் அதில் பெரும்பங்கு பின்னால் எரியும் விளக்குக்கே போகிறது. அதனால் மிச்சம் பிடிக்க நினைக்கும் எவரும் முதலில் கை வைப்பது அந்த விளக்கில்தான்.

எல்சிடியில் பிக்சல் தானாக ஒளிர்வதில்லை. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். பிக்சல் அதன் முன்னால் தொங்கும் சன்னல் திரைச்சீலை மாதிரி, எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு வெளிச்சம் வெளியே வரும். விளக்கு 100 பங்கு எரிந்து, பிக்சல் 40 சதவீதம் திறந்தால் உங்கள் கண்ணுக்கு 40 வருகிறது. விளக்கை 50 ஆகக் குறைத்து, பிக்சலை 80 சதவீதம் திறந்தாலும் அதே 40தான். படம் அப்படியே இருக்கிறது, விளக்குச் செலவு பாதியாகிவிட்டது.

கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல், அதே படத்தில் ஏற்கெனவே 80 சதவீதம் திறந்திருக்கும் பிக்சல்களில். விளக்கு பாதியானால் அவை 160 சதவீதம் திறக்க வேண்டும். அதற்கு வழியில்லை, 100 உடன் நின்றுவிடும். விளைவு, வெள்ளைச் சட்டையின் மடிப்பு, மேகத்தின் ஓரம், பட்டுச் சேலை ஜரிகையின் நுணுக்கம் எல்லாம் ஒரே பூச்சாகிவிடும். இதைத் தவிர்க்க டிரைவர் படத்தில் எத்தனை பிக்சல் இருட்டு, எத்தனை பிரகாசம் என்று கணக்கெடுத்துக்கொண்டே இருக்கும். இருட்டுப் பிக்சல் அதிகமென்றால் விளக்கைத் தைரியமாகக் குறைக்கும். வெள்ளை அதிகமென்றால் மறுபடி ஏற்றும். கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக இந்த மாற்றத்தை மெதுவாகத்தான் செய்யும். ஆனால் கறுப்புப் பின்னணி உள்ள விண்டோவில் இருந்து வெள்ளை ஆவணத்துக்குத் தாவினால் எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் தெரியத்தான் செய்யும்.

இன்டெல் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘டிஸ்ப்ளே பவர் சேவிங் டெக்னாலஜி’, சுருக்கமாக டிபிஎஸ்டி. ஏஎம்டியில் ‘வாரி-பிரைட்’. நுணுக்கத்தில் வேறுபாடு உண்டு, அடிப்படை ஒன்றே.

இரண்டாவது வசதி வேறு ஜாதி. அதன் பெயர் ‘பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ்’, பிஎஸ்ஆர். சாதாரணமாக 60 ஹெர்ட்ஸ் திரைக்கு கிராபிக்ஸ் சிப் விநாடிக்கு 60 முறை முழுப் படத்தையும் அனுப்புகிறது. நீங்கள் ஒரு பக்கத்தை அசையாமல் படித்துக்கொண்டிருந்தாலும், அதே படம் 60 முறை. 2011இல் வெளியான இடிபி 1.3 தர நிர்ணயம் இந்த வீண் வேலைக்கு ஒரு முடிவு கட்டியது. லேப்டாப்புக்குள் மதர்போர்டையும் பேனலையும் இணைக்கும் டிஸ்ப்ளே இணைப்புக்கான தரம் அது. பேனலின் பின்னால் உள்ள கட்டுப்பாட்டுச் சிப்பிலேயே கொஞ்சம் நினைவகம் வைத்துவிட்டார்கள். படம் மாறாதபோது பேனல் தன் நினைவகத்தில் இருப்பதையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் கிராபிக்ஸ் சிப்பின் டிஸ்ப்ளே பகுதியும் இணைப்பும் தூங்கலாம். பிராசசர் முழுவதுமே ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக இது வழிவிடுகிறது.

கவனியுங்கள், இதில் வெளிச்சமும் மாறவில்லை, நிறமும் மாறவில்லை. உங்கள் கண்ணிடம் இருந்து எதையும் பிடுங்காமல் கிடைக்கும் மிச்சம். அதனால்தான் இதை விட்டுவைக்கச் சொல்கிறேன். தூக்கத்தில் இருந்து எழும்போது தடுமாறினால் மட்டுமே பிரச்சினை: மவுஸ் அம்பு முதல் அசைவில் தயங்கும், திரை ஒரு கணம் துடிக்கும், மூடிய விண்டோவின் ஒரு துண்டு திரையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது, ரெஃப்ரெஷ் ரேட்டைக் குறைப்பது. 120 ஹெர்ட்ஸ் திரை அசையாத நேரத்தில் 60க்கு இறங்கும். 60 ஹெர்ட்ஸ் பேனல்கள் சிலவற்றில் அது 48 அல்லது 40 வரைகூடப் போகும். பக்கத்தை உருட்டும்போது பேட்டரியில் மட்டும் வழவழப்பு குறைகிறதென்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

முதலில் யார் குற்றவாளி என்று பாருங்கள்

எந்தச் சுவிட்சையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. இதைத் தவிர்த்துவிட்டு நேராக டிரைவரை அழித்து மறுபடி நிறுவுவதில்தான் பலருக்கு நேரம் வீணாகிறது.

பிரைட்னஸை நடுவில் எங்காவது நிறுத்துங்கள். திரை முழுக்கக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து, அதன் மேல் ஓரத்தில் நோட்பேடைச் சிறிய வெள்ளைச் சதுரமாக வையுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அந்த வெள்ளைச் சதுரத்தை மட்டும் பாருங்கள். அப்புறம் நோட்பேடைத் திரை முழுக்கப் பெரிதாக்குங்கள், மறுபடி சிறிதாக்குங்கள். வெள்ளையின் வெளிச்சம் சில விநாடிகளில் மெல்ல நகர்கிறது, சார்ஜர் மாட்டியிருக்கும்போது அப்படி நகரவில்லை என்றால், டிபிஎஸ்டி அல்லது வாரி-பிரைட்தான் வேலை செய்கிறது. செல்போனில் வீடியோ எடுத்து ஒப்பிடலாம் என்று தோன்றும். கேமரா தானே வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும் என்பதால், எக்ஸ்போஷரைப் பூட்டாமல் எடுத்தால் அந்த வீடியோ எதற்கும் உதவாது.

சார்ஜரைக் கழற்றிய கணத்தில் ஒரேயடியாக மங்கி, அதன்பின் படம் மாறினாலும் மாறாமல் அப்படியே நின்றால் அது டிரைவர் அல்ல. விண்டோஸின் எனர்ஜி சேவரைப் பாருங்கள்.

திரை துடிக்கிறது, கோடு வருகிறது என்றால் இன்னும் இரண்டு சோதனைகள். முதலாவது, டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். திரையில் மற்றதெல்லாம் துடிக்கும்போது அதுவும் சேர்ந்து துடித்தால் டிரைவர் பக்கம் தேடலாம். அது மட்டும் அசையாமல் இருந்தால் ஏதோ ஒரு பயன்பாட்டின் கோளாறு. இரண்டாவது, எச்டிஎம்ஐ வழியாக ஒரு டிவியையோ மானிட்டரையோ மாட்டிப் பாருங்கள். டிபிஎஸ்டியும் வாரி-பிரைட்டும் லேப்டாப்போடு வந்த பேனலை மட்டுமே தொடுபவை. இந்த பிஎஸ்ஆரும் அப்படியே. வெளித் திரையும் துடித்தால் நீங்கள் தேட வேண்டிய இடம் இதுவல்ல.

ஸ்கிரீன்ஷாட்டும் ஒரு சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுப்பது படம் பேனலுக்குக் கிளம்புவதற்கு முந்தைய கட்டத்தில். திரையில் தெரியும் கறை ஸ்கிரீன்ஷாட்டிலும் இருந்தால் தவறு அதற்கு முன்பே நடந்திருக்கிறது. திரையில் இருந்து ஸ்கிரீன்ஷாட்டில் இல்லையென்றால் டிரைவரின் டிஸ்ப்ளே பகுதி, கேபிள், பேனல் இந்த மூன்றில் ஒன்று. வெளிச்சம் ஏறி இறங்குவது ஸ்கிரீன்ஷாட்டில் ஒருபோதும் தெரியாது.

விண்டோஸில் தொடங்குங்கள்

‘செட்டிங்ஸ்’ திறந்து ‘சிஸ்டம்’, அதில் ‘டிஸ்ப்ளே’. மேலேயே ‘பிரைட்னஸ்’ இருக்கும். பட்டையின் வலப்பக்கம் கீழ்நோக்கிய சிறு அம்புக்குறி ஒன்று உண்டு. பார்வையில் படாமலே போய்விடும், அதை அழுத்துங்கள். உள்ளே ‘சேஞ்ச் பிரைட்னஸ் பேஸ்டு ஆன் கன்டென்ட்’ என்று ஒரு வரி வரும். ‘ஆஃப்’, ‘ஆல்வேஸ்’, ‘ஆன் பேட்டரி ஒன்லி’ என மூன்று தேர்வுகள். ‘ஆஃப்’ வையுங்கள். பழைய விண்டோஸ் 11 பதிப்பில் மூன்று தேர்வுக்குப் பதில் டிக் செய்யும் கட்டம் ஒன்று இருக்கும், டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

அதே இடத்தில் ‘சேஞ்ச் பிரைட்னஸ் ஆட்டோமேட்டிக்கலி வென் லைட்டிங் சேஞ்சஸ்’ என்று இன்னொன்றும் சில லேப்டாப்புகளில் இருக்கும். இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது அறையின் வெளிச்சத்தை சென்சார் வழியே பார்த்து மாற்றுவது, படத்தைப் பார்த்து அல்ல. பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிகளே காணவில்லையென்றால் பதறாதீர்கள். வன்பொருளும் டிரைவரும் ஆதரித்தால் மட்டுமே விண்டோஸ் அவற்றைக் காட்டும்.

எனர்ஜி சேவர் ‘சிஸ்டம்’ கீழ் ‘பவர் அண்ட் பேட்டரி’யில் இருக்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு முன் அதன் பெயர் ‘பேட்டரி சேவர்’. அதற்குள் ‘லோயர் ஸ்கிரீன் பிரைட்னஸ்’ என்று தொடங்கும் சுவிட்ச் இருக்கும். மிச்சப்படுத்தும் மற்ற விஷயங்கள் நடக்கட்டும், திரை மட்டும் மங்க வேண்டாம் என்றால் இதை மட்டும் அணைக்கலாம்.

ரெஃப்ரெஷ் ரேட்டுக்கு ‘டிஸ்ப்ளே’ பக்கத்தில் கீழே ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’. இப்போது எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்பது அங்கே தெரியும். 120 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள பல திரைகளில் ‘டைனமிக் ரெஃப்ரெஷ் ரேட்’ என்ற சுவிட்சும் இருக்கும். தேவைப்படும்போது ஏறி மற்ற நேரம் இறங்கும் ஏற்பாடு இது. இது நன்றாகவே வேலை செய்யும், எரிச்சல் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

விண்டோஸில் சொன்னதை டிரைவர் எல்லா லேப்டாப்பிலும் கேட்டுக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன நோட்பேட் சோதனையை மறுபடி செய்யுங்கள். வெள்ளைச் சதுரம் இன்னும் நகர்ந்தால் அடுத்த படி.

இன்டெல் என்றால்

உங்கள் லேப்டாப்பில் எது இருக்கிறது என்று தெரியாதா? ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து ‘டிவைஸ் மேனேஜர்’, அதில் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’. அங்கே பெயர் இருக்கும்.

இன்டெல் என்று இருந்தால் ஸ்டார்ட் மெனுவில் ‘இன்டெல் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டர்’ என்று தேடுங்கள். இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும். இடப்பக்கப் பட்டியலில் ‘சிஸ்டம்’, மேலே ‘பவர்’. பேட்டரியில் ஓடும்போது, சார்ஜரில் ஓடும்போது என இரண்டு பகுதிகளாகச் சுவிட்சுகள் பிரிந்திருக்கும். ‘ஆன் பேட்டரி’ பகுதியில் ‘டிஸ்ப்ளே பவர் சேவிங்ஸ்’ என்பதுதான் டிபிஎஸ்டி. அதை அணையுங்கள். முழுக்க அணைக்க மனம் வரவில்லையென்றால், பக்கத்தில் பட்டை இருக்கும் கணினிகளில் அதைத் தரத்தின் பக்கம் நகர்த்தி, மிக மென்மையான அளவில் வைக்கலாம். எழுத்து வேலை மட்டும் செய்பவர்களுக்கு அந்த அளவில் வித்தியாசமே தெரியாது. போட்டோவில் நிறம் திருத்துபவர்கள் யோசிக்கவே வேண்டாம், அணைத்துவிட வேண்டும். டிரைவர் பிக்சலை மாற்றிக்கொண்டே இருக்கும் திரையில் நிறம் பார்த்து அச்சுக்கு அனுப்புவது வீண்வேலை.

அதே பக்கத்தில் ‘பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ்’ இருக்கும். அம்பு தயங்குவது, துடிப்பது, விண்டோ துண்டு ஒட்டிக்கொள்வது இவற்றில் ஒன்றாவது இருந்தால் மட்டும் இதை அணையுங்கள். அணைத்தபின் ஒரு நாள் வழக்கம்போல வேலை செய்து பாருங்கள். தொந்தரவு நின்றால் சரி. நிற்கவில்லையென்றால் மறுபடி இயக்கிவிட்டு வேறு காரணம் தேடுங்கள். பலர் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள். பயன் இல்லாமலே அது அணைந்து கிடந்து, மாதக்கணக்கில் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும்.

பழைய லேப்டாப்புகளில் இந்தப் பயன்பாட்டுக்குப் பதில் ‘இன்டெல் கிராபிக்ஸ் கண்ட்ரோல் பேனல்’ இருக்கும். அங்கே ‘பவர்’, ‘ஆன் பேட்டரி’, ‘டிஸ்ப்ளே பவர் சேவிங் டெக்னாலஜி’ என்று போய் ‘டிசேபிள்’ கொடுத்து, ‘அப்ளை’ அழுத்த வேண்டும். புதியவற்றில் ‘இன்டெல் கிராபிக்ஸ் சாஃப்ட்வேர்’ என்ற வேறொரு பயன்பாடு வந்திருக்கலாம். இடம் மாறியிருந்தாலும் தேட வேண்டிய பெயர்கள் இவைதான்.

ஏஎம்டி, என்விடியா

ஏஎம்டிக்கு ‘ஏஎம்டி சாஃப்ட்வேர்: அட்ரினலின் எடிஷன்’ திறந்து, மேலே வலப்பக்கம் பல்சக்கரம், அதில் ‘டிஸ்ப்ளே’. ‘வாரி-பிரைட்’ அங்கே இருக்கும். அணைக்கலாம், அல்லது அளவைக் குறைக்கலாம். வெளிச்சத்தின் பக்கமா பேட்டரியின் பக்கமா என்று தேர்வு கேட்கும். பெயரைப் பார்த்தாலே புரியும்.

என்விடியா இருக்கிறதே, அதன் கண்ட்ரோல் பேனலில் ஏன் இதெல்லாம் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு கிராபிக்ஸ் உள்ள பெரும்பாலான லேப்டாப்புகளில் பேனல் இணைந்திருப்பது பிராசசரோடு வரும் இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸில். என்விடியா படத்தை வரைந்து அதனிடம் கொடுக்கிறது. பேனலை நிர்வகிப்பது இன்னொருவர். ஆகவே சுவிட்சும் அங்கேதான் இருக்கும். பேனல் எந்தக் கிராபிக்ஸோடு இணைய வேண்டும் என்று மாற்றும் மக்ஸ் சுவிட்ச் உள்ள கேமிங் லேப்டாப்பில் பேனலை நேரடியாக என்விடியாவுக்கு மாற்றியிருந்தால், இன்டெல், ஏஎம்டி பயன்பாடுகளில் நீங்கள் செய்யும் மாற்றம் எதுவும் பேனலைப் போய்ச் சேராது.

ஓஎல்இடி திரைக்காரர்களுக்கு

மேலே சொன்ன விளக்குக் கதை ஓஎல்இடிக்குப் பொருந்தாது. அங்கே பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. கறுப்புப் பிக்சல் அணைந்தே இருக்கும். அதனால் டார்க் மோட் வைத்தால் ஓஎல்இடியில் உண்மையாகவே மின்சாரம் மிச்சமாகும். சாதாரண எல்சிடியில் விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும் என்பதால் டார்க் மோடால் பேட்டரிக்குப் பெரிய லாபம் இல்லை. கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வது வேறு.

ஓஎல்இடியில் பிரைட்னஸைக் குறைத்தபோது மட்டும் கண் வலிக்கிற மாதிரி ஒரு துடிப்பு தெரிந்தால் டிரைவரைக் குறை சொல்லாதீர்கள். பல பேனல்கள் வெளிச்சத்தைக் குறைக்கப் பிக்சல்களை வேகமாக அணைத்து எரிய வைக்கின்றன. மென்பொருளில் அதற்குச் சுவிட்ச் இருப்பது அரிது. பிரைட்னஸை ஏற்றி வைத்துப் பாருங்கள், துடிப்பு போய்விட்டால் காரணம் இதுதான்.

லினக்ஸில்

ஏஎம்டி லேப்டாப்பில் பேட்டரிக்கு மாறியதும் நிறம் வெளுக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பவர் மோட். 2024இல் இருந்து, க்னோம் முதலிய டெஸ்க்டாப்புகளின் பின்னால் ஓடும் பவர் புரொஃபைல்ஸ் டீமனே ஏஎம்டி டிரைவரின் பேனல் மிச்ச அளவை (வாரி-பிரைட்டின் வேலையைச் செய்யும் ஏபிஎம் வசதியின் அளவை) மாற்றத் தொடங்கியது. அந்த அளவு 0 முதல் 4 வரை. 0 என்றால் அணைந்திருக்கிறது, 4 என்றால் மிகக் கடுமை. ‘பவர் சேவர்’ மோடில் இருந்து ‘பேலன்ஸ்டு’ மோடுக்கு மாற்றிப் பாருங்கள், பலருக்கு அதுவே போதும். நிரந்தரமாக அணைக்க வேண்டுமென்றால் கெர்னல் தொடங்கும் வரியில் ஏஎம்டிஜிபியு டிரைவரின் ஏபிஎம் லெவல் அளவுருவை 0 ஆக வைக்கலாம்.

இன்டெல்லில் பெரும்பாலும் பேச்சு பிஎஸ்ஆர் பற்றியே. துடிப்பு, ஒட்டிக்கொள்ளும் படம் இருந்தால் ஐ915 டிரைவரின் எனேபிள் பிஎஸ்ஆர் அளவுருவை 0 ஆக்கலாம். அதை உடனே நிரந்தரமாக எழுதிவிடாதீர்கள். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் அந்த ஒரு தடவைக்கு மட்டும் சேர்த்துச் சோதியுங்கள். உதவவில்லையென்றால் மறுதொடக்கத்தில் தானாகப் போய்விடும். கெர்னல் புதிதாகும்போது இந்தக் கோளாறுகள் அவ்வப்போது சரியாகிவிடும் என்பதால், நிரந்தரமாக எழுதினவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அதை எடுத்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னும் சரியாகவில்லையா?

திரை உறைந்தோ குழம்பியோ நின்றால் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி (B) எழுத்தை அழுத்துங்கள். ஒரு பீப் சத்தத்தோடு திரை ஒருமுறை இருண்டு திரும்பும். திறந்திருக்கும் வேலை எதுவும் போகாமல் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். இதோடு கோளாறு மறைந்து, சில மணி நேரத்தில் மறுபடி வந்தால், டிரைவர் மேல் சந்தேகம் வலுக்கிறது. லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கென்று உள்ள டிரைவரை முதலில் போட்டுப் பாருங்கள். சிப் நிறுவனத்தின் பொது டிரைவர் புதியதாக இருக்கலாம், ஆனால் உங்கள் பேனலுக்கென்று செய்த திருத்தங்கள் மாடலுக்கான டிரைவரில் இருக்க வாய்ப்பு அதிகம்.

டிரைவர் புதுப்பித்தபின் நீங்கள் அணைத்தவை தானாக இயங்கத் தொடங்கியிருக்கலாம். விண்டோஸ் அப்டேட் இரவோடு இரவாக டிரைவரை மாற்றிவிடும், காலையில் திரை மறுபடி மங்கும். அப்போது மேலே சொன்ன அதே பக்கங்களைத் திறந்து பார்த்தால் போதும்.

டிபிஎஸ்டி அணைந்திருக்கிறது, வாரி-பிரைட் அணைந்திருக்கிறது, இருந்தும் வெள்ளைச் சதுரம் நகர்கிறதென்றால் இன்னும் இரண்டு இடம் பாக்கி. லேப்டாப் நிறுவனம் தன் பங்குக்கு வைத்திருக்கும் பயன்பாடு ஒன்று. விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்பு இன்னொன்று. சில மாடல்களின் பயாஸிலேயே பின்விளக்கைப் படத்துக்கேற்ப மாற்றும் வசதி ஒளிந்திருக்கும். அங்கும் இல்லையென்றால் பேனலின் சொந்தச் சிப்பே அதைச் செய்துகொண்டிருக்கலாம், அதைப் பயனர் அணைக்க முடியாது.

சர்வீஸ் சென்டருக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் மூன்று விஷயம் சொல்லுங்கள்: வெளி மானிட்டரில் வருகிறதா இல்லையா, ஸ்கிரீன்ஷாட்டில் தெரிகிறதா இல்லையா, விண்டோஸ் தொடங்கும் முன் பயாஸ் திரையிலும் வருகிறதா இல்லையா. பயாஸ் திரையிலேயே துடித்தால் விண்டோஸ் டிரைவருக்கு அதில் பங்கில்லை. மூடியைத் திறந்து மூடும் கோணத்தில் துடிப்பு மாறினால் கேபிளை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், பேனல் மாற்ற ஒப்புக்கொள்வதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.